எல்லைப்புறமும் மூலதனமும்: ‘றெட் டெட் றிடெம்ப்ஷன் 2’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வீடியோ விளையாட்டொன்றினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்னும் வினா இச்சஞ்சிகையின் வாசகருட் சிலருக்கேனும் எழக்கூடும். பொழுதுபோக்கு என்றும், இளைஞரைக் கெடுப்பது என்றும், வெறும் வணிகப் பண்டம் என்றும் ஒதுக்கப்படும் ஒரு வடிவத்தைப் பற்றி ஆய்விதழில் எழுதுதல் தகுமோ என்பர். இவ்வினா நமக்குப் புதியதன்று. நாவல் தோன்றிய காலத்தில் ஏறத்தாழ இதே குற்றச்சாட்டுகளே அதன்மீதும் சுமத்தப்பட்டன. அவ்வடிவத்தைச் சமூக வரலாற்றோடு பொருத்திக் காணும் முயற்சியிலே க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) ஒரு முக்கிய கட்டமாக அமைந்தமையை நாம் அறிவோம். கோடிக்கணக்கானோர் தமது ஓய்வு நேரத்தைச் செலவிடும் ஒரு வடிவம் அவர்தம் உலகநோக்கினை எவ்வாறு உருவாக்குகின்றது என வினவாதிருத்தல் முற்போக்கு விமர்சனத்திற்குப் பெருமை தருவதாகாது.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது றொக்ஸ்ரார் கேம்ஸ் நிறுவனம் 2018 ஒக்ரோபர் 26ஆந் திகதி வெளியிட்ட ‘றெட் டெட் றிடெம்ப்ஷன் 2’ ஆகும். 2010இல் வெளிவந்த ‘றெட் டெட் றிடெம்ப்ஷன்’ 1911ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைக் கூறுவது. பின்னர் வெளிவந்த இதுவோ 1899இல் தொடங்கி முன்கதையைச் சொல்கின்றது. ‘ஓப்பின் வேர்ல்ட்’ எனப்படும் திறந்த உலக வகையைச் சார்ந்தது. இவ்வகையில், ஆடுபவர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு வரிசையாகச் செலுத்தப்படுவதில்லை. மலை, காடு, சதுப்புநிலம், பட்டினம் ஆகியன அடங்கிய பரந்த நிலப்பரப்பொன்றிலே விரும்பிய திசையிற் செல்லவும் விரும்பிய வேளையிற் கதையைத் தொடரவும் அவருக்கு இடமுண்டு. ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கால உற்பத்தி, 1,200 நடிகர், ஐந்து இலட்சம் உரையாடல் வரிகள் என்று இதன் பருமன் கூறப்பட்டது. வெளிவந்த முதல் மூன்று நாள்களில் 725 மில்லியன் டொலர் ஈட்டிய இவ்விளையாட்டு இதுவரை 50 மில்லியனுக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளது. இக்கட்டுரையாளர் இதனைத் தொண்ணூறு மணித்தியாலங்கள் வரை ஆடியவர். அந்நேரத்தில் ‘போரும் சமாதானமும்’ நாவலை இருமுறை வாசித்திருக்கலாமே என்றார் நண்பரொருவர். கூற்று மறுக்கத்தக்கதன்று.

1899 என்னும் ஆண்டு தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, மேற்கே நகர்ந்து சென்ற குடியேற்ற எல்லைக்கோடு இனி இல்லை எனும் கருத்தை வெளியிட்டது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே வூண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்கள் இராணுவத்தினராற் படுகொலை செய்யப்பட்டனர். 1892இல் ஹோம்ஸ்ரெட் உருக்காலைத் தொழிலாளரின் போராட்டத்தை முறியடிக்கப் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதந்தாங்கிய ஆட்கள் முந்நூறு பேர் ஆற்றுப் படகுகளில் கொண்டுவரப்பட்டனர். 1893இல் பிரெடெரிக் ஜாக்சன் ரேணர் என்னும் வரலாற்றாசிரியர், அமெரிக்கரின் தனித்துவத்தை உருவாக்கியது எல்லைப்புறமே என்றும் அதன் காலம் முடிந்தது என்றும் சிக்காகோவில் வாசித்த கட்டுரையில் வாதித்தார். 1896இல் இன ஒதுக்கலுக்கு உயர் நீதிமன்றம் சட்ட அங்கீகாரம் வழங்கிற்று. இருப்புப்பாதை, எண்ணெய், சீனி, வங்கி ஆகிய துறைகளில் மூலதனம் ஒருசிலர் கையில் ஒருமுகப்பட்ட தசாப்தம் அது. ‘வெஸ்ரேண்’ எனப்படும் திரைப்பட மரபிற் பெரும்பாலானவை இவ்வரலாற்றைச் சட்டத்திற்கும் சட்டமீறலுக்குமிடையிலான மோதலாகச் சுருக்கிக் காட்டின. இவ்விளையாட்டின் முதன்மையான சிறப்பு யாதெனில், அம்மோதலின் பின்னே நிற்கும் பொருளாதார ஆற்றலுக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்திருப்பதாகும்.

அம்முகம் லெவிற்றிக்கஸ் கோர்ண்வால் என்பவனது. சீனி, இருப்புப்பாதை, எண்ணெய் ஆகிய மூன்றிலும் முதலிட்டவன். டச் வன் டேர் லிண்ட் என்பவனின் தலைமையில் இருபதுக்கு மேற்பட்டோர் கொண்ட கொள்ளைக் கூட்டம் அவனது புகையிரதத்தைக் கொள்ளையிட, அவன் பிங்கர்ட்டன் ஆட்களுக்குப் பணம் கொடுத்து அவர்களைத் துரத்துகின்றான். கூட்டத்தில் வளர்ந்த ஆதர் மோர்கன் என்பவனாகவே நாம் ஆடுகின்றோம். ஊர் ஊராகத் தப்பி ஓடும் கதை இது. துரத்துவோனும் துரத்தப்படுவோனும் மாறாதிருக்க, ஒவ்வோர் இடமாற்றத்திலும் கூட்டம் நகரத்தை நெருங்குகின்றது. பனிமலையில் தொடங்கி, மேய்ச்சல்நிலத்தூடே, பழைய பருத்திப் பண்ணைகளைக் கடந்து, புகைபோக்கிகள் நிறைந்த செயின்ற் டெனிஸ் துறைமுக நகரை அடைகின்றது. நிலவியலையே வரலாற்று இயக்கமாக அமைத்த இவ்வமைப்பு பாராட்டத்தக்கது.

டச் என்பான் தன்னை ஏழைகளின் காவலனாகக் கருதுபவன். தனிமனித சுதந்திரம் பற்றி எழுதும் கற்பனை எழுத்தாளர் ஒருவரின் நூல்களை எப்போதும் வாசித்துக்கொண்டிருப்பவன். எரிக் ஹொப்ஸ்பாம் 1959இலும் பின்னர் 1969இலும் எழுதிய நூல்களில் சமூகக் கொள்ளையர் என ஒரு வகையினரைச் சுட்டினார். முதலாளித்துவம் ஊடுருவும் குடியானவர் சமுதாயங்களிலே தோன்றி, அக்குடியானவராற் காக்கப்பட்டு, அரசியற் பிரக்ஞை உருவாகுமுன் நிலவும் எதிர்ப்பின் வடிவமாக விளங்குவோர் அவர்கள். டச்சின் கூட்டத்தை அவ்வகையுள் அடக்கலாகாது. அதனைக் காக்கும் குடியானவர் எவருமிலர். அது எந்த மக்களிடத்தும் வேரூன்றியதன்று. சமூகக் கொள்ளையனின் சொற்கள் மட்டுமே டச்சிடம் எஞ்சியுள்ளன. இவ்வெறுமையை இவ்விளையாட்டு அறிந்தே சித்திரிக்கின்றது என்பதற்குச் சான்று கூட்டத்தின் கணக்காளனாகிய ஸ்ட்ராஸ் நடத்தும் வட்டிக்கடையாகும்.

இவ்விடத்திற் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இப்படைப்பின் உயிர்நிலை இதுவே. ஸ்ட்ராஸ் வறியவர்களுக்குக் கடன் கொடுக்கின்றான். அதனை அறவிடும் பணி ஆதருக்குரியது. தோமஸ் டவுன்ஸ் என்னும் நோயாளிக் கமக்காரன் ஒருவனை அவனுடைய வேலியோரத்தில் ஆதர் அடித்துத் துன்புறுத்துகின்றான். அடிபட்டவன் இருமும்போது தெறிக்கும் இரத்தம் ஆதரின் முகத்திற் படுகின்றது. டவுன்ஸ் இறந்துபோக, அவனுடைய விதவையிடமும் மகனிடமும் மீண்டும் சென்று கடனைக் கேட்கின்றான் ஆதர். நெடுநேரம் கழிந்த பின்னர், செயின்ற் டெனிஸ் தெருவிலே இருமி விழுந்து மருத்துவரிடம் செல்லும்போது, தனக்குச் சயரோகம் என அறிகின்றான். கொக் அந்நோயின் கிருமியை 1882இலேயே இனங்கண்டிருந்தார். எனினும் மருந்து 1940களிலேயே வந்தது. 1899இல் அந்நோய் மரண தண்டனைக்கு ஒப்பானது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது செய்த தீவினைக்குக் கிடைத்த தண்டனையாகத் தோன்றும். ஆனால் கதையின் கட்டமைப்பு அதனினும் ஆழமானது. விதவையாகிய ஈடித் டவுன்ஸை நாம் பின்னர் அன்னெஸ்பேர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிலே காண்கின்றோம். அவள் உடலை விற்றுப் பிழைக்கின்றாள். மகன் ஆர்ச்சி சுரங்கத்திற்கு வந்துவிட்டான். கடன், நிலமிழத்தல், இடம்பெயர்தல், கூலியுழைப்பு என்று மார்க்ஸ் ஆதித் திரட்சி பற்றிய அதிகாரத்தில் விரித்துரைத்த போக்கின் சிறு மாதிரியொன்று இங்கு ஒரு குடும்பத்தின் கதையாக நிகழ்ந்து முடிகின்றது. அப்போக்கில் நாயகனே கருவியாகின்றான். கோர்ண்வாலுக்கு எதிரானவன் எனத் தன்னை எண்ணிக்கொண்டிருந்தவன், கோர்ண்வாலின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆள்திரட்டும் வேலையைத்தான் சம்பளமின்றிச் செய்துகொண்டிருந்தான். கொள்ளைக் கூட்டம் மூலதனத்திற்கு வெளியே நிற்கவில்லை. அதன் மிகக் கொடிய ஓரத்தில் நின்று தொழிற்பட்டது.

உருவ நோக்கிலும் இப்பகுதி குறிப்பிடத்தக்கது. டவுன்ஸை அடிக்காமல் விடுவதற்கு ஆடுபவருக்கு வழியில்லை. எங்கும் செல்லலாம், எதையும் செய்யலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் வடிவம் இவ்விடத்தில் அவ்வுரிமையைப் பறித்துக்கொள்கின்றது. நாமே கைவிசையை அழுத்தி அவனை அடிக்கின்றோம். அடிக்க விரும்பாதவரும் அடிக்கவேண்டியிருக்கின்றது. நாவலாசிரியரோ திரைப்பட நெறியாளரோ தரமுடியாத ஓர் அனுபவம் இது. உழைத்துப் பிழைப்பவன் தான் வெறுக்கும் தொழிலைச் செய்யும்போது கொள்ளும் மனநிலைக்கு இதனிலும் நெருங்கியதோர் உருவகத்தை இக்கட்டுரையாளர் வேறெந்தக் கலைவடிவிலும் எளிதிற் காணவில்லை.

றொக்ஸ்ரார் நிறுவனத்தார் சமதர்மவாதிகள் அல்லர். 1888இல் மார்கிரட் ஹார்க்னெஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில், முடியாட்சிவாதியான பால்சாக் தனது அரசியற் சார்பினையும் மீறி உண்மையைக் காட்டினமையை யதார்த்தவாதத்தின் வெற்றியாக ஏங்கல்ஸ் கொண்டார். டவுன்ஸ் கதையைப் பொறுத்தவரையிலேனும் அத்தகைய ஒரு வெற்றியை இப்படைப்புக்கு மறுப்பது நேர்மையாகாது. ஆதராகக் குரல்கொடுத்த றொஜர் கிளார்க்கின் நடிப்பும், ஆதர் எழுதிவரும் நாட்குறிப்பேடும் அவ்வெற்றிக்குத் துணைநிற்கின்றன. அந்த ஏட்டில், கண்ட பறவையையும் பட்டினத்தையும் பென்சிலால் வரைந்து, பேச்சிலே வெளிப்படுத்தாத ஐயங்களைச் சில வரிகளில் எழுதி வைக்கின்றான் அவன்.

ஆயினும், இவ்வாழத்தைப் படைப்பு முழுவதிலும் காணமுடியவில்லை. விளையாட்டின் நுணுக்க விவரங்கள் வெளியான காலத்திற் பெரிதும் வியக்கப்பட்டன. வேட்டையாடிய மிருகத்தின் தோலை உரிப்பதை முழுமையாகப் பார்க்கவேண்டும்; துப்பாக்கிக்கு எண்ணெய் பூசவேண்டும்; தாடி நாளுக்கு நாள் வளர்கின்றது; குளிரிற் குதிரையின் விதைகள் சுருங்குவதுகூடச் சித்திரிக்கப்பட்டுள்ளது. லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையொன்றிற் கதைகூறலையும் விவரித்தலையும் வேறுபடுத்தினார். மனிதரின் செயலோடு பிணைந்த விவரம் யதார்த்தவாதத்திற்குரியது; பார்வையாளன் கண்ட பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது இயற்பண்புவாதத்திற்குரியது என்பது அவர் கருத்தின் சாரம். குதிரையின் உடற்கூறு பற்றிய விவரம் பின்னையதைச் சாரும். மந்தமான இயக்கம் எல்லாம் குறையன்று. முகாமிலே மாலைவேளையில் தீயைச் சுற்றியிருந்து பாடுவோரையும் பழங்கதை பேசுவோரையும் கேட்டுக்கொண்டு மெதுவாக நடப்பதில், ஒரு கூட்டு வாழ்வு சிதைவதைப் படிப்படியாக உணரமுடிகின்றது. நூறாவது மானின் தோலை உரிக்கும்போது அப்படி எதுவும் உணரப்படுவதில்லை.

சுதந்திரம் பற்றியும் கூறவேண்டும். வெளியில் அலையும்போது எல்லையற்ற உரிமை. கதைக்குரிய பணியொன்றைத் தொடங்கியதும் அடியெடுத்து வைப்பதற்கும் கட்டளை. குறித்த பாதையைவிட்டு விலகி, பகைவரைப் பக்கவாட்டிலிருந்து அணுகினால், பணி தோல்வி என்று அறிவிக்கப்படுகின்றது. டவுன்ஸ் வீட்டில் இக்கட்டாயம் பொருள்பொதிந்தது. பிற இடங்களில் அது வெறும் இயலாமையே. ஆயிரக்கணக்கான மணித்தியால உழைப்பினால் ஆக்கப்பட்ட உலகினை நம்பாமல், சினிமாவின் ஒழுங்கையே இறுதியில் நாடுகின்றனர் ஆக்கியோர். பத்தாண்டுகளுக்கு முன்னரே பழகிப்போன சூத்திரம்: குதிரையிற் சென்று, பேசி, சுட்டுக் கொன்று, திரும்புதல். கொல்லப்படுவோரின் தொகை நூற்றுக்கணக்கில் ஏறும்போது, ஒரு கமக்காரனை அடித்தமைக்காக ஆதர் கொள்ளும் மனவேதனை எங்ஙனம் நம்பத்தக்கதாகும்?

இக்கேள்விக்கு விளையாட்டு அளிக்கும் விடை ‘ஹொனர்’ எனும் கண்ணிய அளவுகோலாகும். வழியிற் காண்போருக்கு வணக்கம் கூறினால் அது சற்றே ஏறும். பிடித்த மீனை நீரில் விட்டாலும் ஏறும். அப்பாவி ஒருவரைக் கொன்றால் இறங்கும். கொலையும் மீனும் ஒரே நாணயத்திற் கணக்கிடப்படுகின்றன. கண்ணியம் உயர்ந்தோருக்குக் கடைகளில் விலைக்கழிவும் உண்டு! அறத்தைப் பரிவர்த்தனைப் பெறுமதியாக மாற்றும் இவ்வேற்பாட்டைக் கண்டு சிரிக்காதிருக்க முடியவில்லை. ஸ்ட்ராஸின் பேரேட்டைப் பழிக்கும் கதை தானும் ஒரு பேரேட்டை வைத்திருக்கின்றது.

பணம் பற்றிய முரண்பாடு இதனோடு தொடர்புடையது. இன்னும் சிறிது பணம் கிடைத்தால் தஹீற்றி போன்ற தீவொன்றிற்குச் சென்று அமைதியாக வாழலாம் என்று டச் ஓயாது சொல்கின்றான். ஆனால் ஆடுபவரின் பையில் விரைவிலேயே ஆயிரக்கணக்கான டொலர் சேர்ந்துவிடுகின்றது, செலவிடுவதற்கு வழியில்லை. முகாமின் பெட்டியில் எவ்வளவு இட்டாலும் கதையிற் கூட்டம் வறுமையிலேயே உழல்கின்றது. அமைப்பாளரின் கவனக்குறைவு என்று இதனைப் பலர் குறைகூறியுள்ளனர், அது குறையே. எனினும், எதற்கென்று தெரியாமலே திரட்டிக்கொண்டிருத்தல்தான் மூலதனத்தின் நியதி என்பதை எண்ணும்போது, குறையே ஒரு வகையில் உண்மை பேசுகின்றது. இதனை மிகைப்படுத்த விரும்பவில்லை.

நிறவாதத்தையும் ஆதிக்குடிகளையும் சித்திரித்த முறையிலேதான் படைப்பின் வரலாற்றுணர்வு பெரிதும் பிசகுகின்றது. கதை நிகழும் மாநிலங்கள் யாவும் கற்பனைப் பெயர் பூண்டவை. லெமோயின் என்பது லூசியானாவை ஒத்தது. கற்பனைப் பெயர் தன்னளவிற் குற்றமன்று. அப்பெயர்கள் வரலாற்றுப் பொறுப்பிலிருந்து தப்பும் வாயிலாக மாறும்போதுதான் குற்றம் பிறக்கின்றது. கூட்டத்திலுள்ள லெனி என்னும் கறுப்பின இளைஞன் தெற்கு மாநிலத்தில் தனக்குள்ள அச்சத்தை ஆதரிடம் கூறுகின்றான். அச்சிறு உரையாடல் நன்று. ஆனால் நிறவாதம் கண்முன் வருவது பெரும்பாலும் முகமூடியணிந்த கூ கிளக்ஸ் கிளான் கும்பல் வடிவில். காட்டில் இரவில் கூடி, தாமே தமக்குத் தீமூட்டிக்கொண்டு சாகும் கோமாளிகளாக அவர்கள் காட்டப்படுகின்றனர். வரலாற்றில் முதலாவது கிளான் 1870களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்டது. இரண்டாவது 1915இல் தோன்றியது. 1899இல் அதற்கு அமைப்பாக இடமில்லை. அன்று நிறவாதம் முகமூடியின்றிச் சட்டமன்றங்களில் வீற்றிருந்தது. 1898 நவெம்பரில் வட கரோலைனாவின் வில்மிங்ரன் நகரில், வெள்ளையரும் கறுப்பரும் இணைந்து நடத்திய தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி ஆயுதபலத்தாற் கவிழ்க்கப்பட்டு, கறுப்பின மக்கள் கொல்லப்பட்டனர். கதை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. அதன் சாயலேனும் இங்கில்லை. ஆடுபவர் கோமாளிகளைச் சுட்டு மகிழ்ந்து, மனச்சாட்சி தூய்மையுற்றுச் செல்கின்றார்.

ஆதிக்குடிகளின் கதை இதனினும் மேலானது. வப்பிற்றி எனும் கற்பனை ஒதுக்கிடத்தில் வாழும் மக்களின் நிலத்தில் எண்ணெய் இருப்பது தெரியவர, கோர்ண்வாலும் இராணுவமும் அவர்களை வெளியேற்ற முனைகின்றனர். தலைவர் றெயின்ஸ் ஃபோல் அமைதியை நாடுகின்றார். மகன் ஈகிள் ஃபிளைஸ் போரை நாடுகின்றான். அவ்விளைஞனின் நியாயமான சினத்தை டச் தனது ஆதாயத்திற்காகத் தூண்டிவிட, எண்ணெய் ஆலைமீதான தாக்குதலில் அவன் உயிரிழக்கின்றான். ஒடுக்கப்பட்டோரின் போராட்டத்தைப் பிறிதொருவர் தமது நோக்கத்திற்குப் பயன்படுத்தும் அவலத்தை இப்பகுதி தெளிவாகக் காட்டுகின்றது. ஆனாலும் அம்மக்கள் நமக்குத் தெரியவருவது தந்தையின் துயரம், மகனின் ஆத்திரம் என்னும் இரு உணர்ச்சிகளாகவே. அவர்களின் மொழி யாது, எந்த உடன்படிக்கை மீறப்பட்டது, எவ்வாறு உண்டு உழைத்தனர் என்பன தெரியவரவில்லை. முகாமிற் சமைக்கப்படும் குழம்பைப் பற்றி இதைவிட அதிகம் அறிகின்றோம்.

ஐந்தாம் அதிகாரத்தில் வரும் குவாமா தீவு இன்னொரு தவறவிடப்பட்ட வாய்ப்பு. கியூபாவுக்கு அண்மையில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட அத்தீவில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் அடிமைகளைப் போல் நடத்தப்படுகின்றனர், கிளர்ச்சியொன்று கனன்றுகொண்டிருக்கின்றது. ஸ்பெயினுடனான 1898ஆம் ஆண்டுப் போரின் பின்னர் அமெரிக்க மூலதனம் கரிபியனிற் காலூன்றிய வேளை அது. உள்நாட்டிற் கண்ட சுரண்டலையும் ஏகாதிபத்தியத்தையும் ஒரே கதையில் இணைக்க இதைவிடச் சிறந்த இடம் கிடைத்திராது. ஆனால் கிளர்ச்சியாளர்கள் ஆதர் தப்பிச் செல்வதற்கான துணைக்கருவிகளாகவே வந்து போகின்றனர். கப்பல் ஏறியதும் தீவின் கதவு மூடப்படுகின்றது. வரைபடத்தில் அதற்குப் பின்னர் நாம் அங்கு செல்ல இயலாது. அத்தொழிலாளருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் திறந்த உலகு சொல்வதில்லை.

பெண்கள் பற்றிச் சில சொற்கள். முகாமிலே துணி துவைப்போர் பெண்களே. ஸேடி அட்லர் என்பவள் சமையல் வேலையை வெறுத்துத் துப்பாக்கி ஏந்தியதும் மதிப்புப் பெறுகின்றாள். விடுதலை என்பது ஆண்களின் வன்முறையிற் பங்குபெறுவதாகச் சுருங்கிவிடுகின்றது. செயின்ற் டெனிஸ் நகரில் வாக்குரிமை கோரிக் குரலெழுப்பும் பெண் ஒருத்தி உண்டு. 2018இல் விளையாட்டு வெளியான சில நாள்களுக்குள், அப்பெண்ணை அடிப்பதையும் முதலைக்கு இரையாக்குவதையும் படமாக்கி வெளியிட்டுப் பெரும் பார்வையாளரைத் திரட்டினான் ஒருவன். ஆக்கியோர் அவ்வாறு செய்யும்படி எவருக்கும் கூறவில்லை என்பது உண்மை. ஆனால் அவளோடு செய்யக்கூடியவை எவை என்று நோக்கினால், வணக்கம் கூறலாம், வம்புக்கிழுக்கலாம், அடிக்கலாம், கயிற்றாற் கட்டலாம், கொல்லலாம். அவளோடு நின்று குரல்கொடுக்க முடியாது. எச்செயல்கள் ஆக்கப்பட்டுள்ளன, எவை ஆக்கப்படவில்லை என்பதிலேதான் இவ்வடிவத்தின் கருத்துநிலை உறைந்துள்ளது.

பின்னுரையாக அமையும் பகுதி 1907இல் நிகழ்கின்றது. ஆதர் இறந்துவிட, ஜோன் மார்ஸ்ரன் கூலிக்குப் பண்ணைவேலை செய்து, பின் வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கி வீடு கட்டுகின்றான். வட்டிக்கடை நடத்திய கூட்டத்திற் பிழைத்தவன் வங்கியின் கடனாளியாவதில் வரலாற்றின் தர்க்கம் உண்டு. அத்தர்க்கத்தை இறுதிவரை கொண்டுசென்றிருப்பின் சிறந்திருக்கும். ஆனால் பழைய கொள்ளையின் மறைத்து வைக்கப்பட்ட பணம் கண்டெடுக்கப்பட்டுக் கடன் தீர்கின்றது. புதையல் கிடைத்துத் துன்பம் தீரும் பழைய அற்புதக் கதைகளின் உத்தி இது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அரசாங்க முகவராற் ஜோன் கொல்லப்படுவான் என்பதை முதலாவது விளையாட்டை ஆடியோர் அறிவர். அவ்வறிவே இப்பகுதிக்குச் சற்றுக் கனம் தருகின்றது.

இனி, படைப்பினை உற்பத்திசெய்த முறை. நூலொன்றின் விமர்சனத்தில் அச்சுக்கூடத் தொழிலாளரைப் பற்றி எழுதுவதில்லையே என்று கேட்கலாம். இங்கு உழைப்பின் அளவே கலைப்பண்பாக விற்கப்பட்டமையின் அவ்வினா பொருந்தாது. வெளியீட்டுக்குச் சில தினங்களுக்கு முன்னர், நிறுவனத்தின் இணை நிறுவுநரும் பிரதான எழுத்தாளருமான டான் ஹவுசர், வாரத்திற்கு நூறு மணித்தியாலம் வேலைசெய்ததாகப் பெருமையுடன் கூறினார். கண்டனம் எழுந்தபோது, அது நால்வரடங்கிய எழுத்துக் குழு மூன்று வாரம் உழைத்ததையே குறித்தது என விளக்கமளித்தார். அதன் பின்னர் அந்நிறுவனத்தின் பல கிளைகளிலும் நிலவிய மேலதிக நேர வேலை பற்றியும், லிங்கன் நகரிலே பிழைகளைத் தேடும் பரிசோதகர்கள் இரவிலும் வார இறுதியிலும் உழைத்தமை பற்றியும் பத்திரிகைகள் விரிவாக எழுதின. இறுதிவரை பணியிலிருந்தோரின் பெயர்களே விளையாட்டின் நன்றியறிவிப்பிற் பொறிக்கப்படுவது நிறுவனத்தின் வழக்கம். ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு இடையில் விலகியோர் இணையத்தளத்திலே தனியே நன்றிகூறப்பட்டனர். குதிரையின் உடலில் ஒளி படும் விதத்தை யாரோ ஒருவர் மாதக்கணக்கில் அமைத்திருப்பார். அவர் பெயர் அதிற் காணப்படுவது அவர் தாக்குப்பிடித்தாரா என்பதைப் பொறுத்தது. 2025 ஒக்ரோபர் இறுதியில் பிரித்தானியாவிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஊழியரை இந்நிறுவனம் நீக்கியபோது, தொழிற்சங்கத்தைச் சிதைக்கும் செயல் இது எனச் சங்கத்தினர் குற்றஞ்சாட்டினர். இரகசியத் தகவல்களைப் பகிர்ந்தமையே காரணம் என நிறுவனம் கூறியது.

பிங்கர்ட்டன் விவகாரம் கற்பனைக்கும் எட்டாத முரண்நகை. அந்நிறுவனம் இன்றும் உள்ளது. தமது பெயரையும் சின்னத்தையும் விளையாட்டில் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக 2018 டிசெம்பரில் அது கடிதம் அனுப்பிற்று. றொக்ஸ்ராரின் தாய்க் கம்பனியான ரேக்-ரூ, வரலாற்றைச் சித்திரிக்கும் உரிமையைக் காக்குமாறு 2019 ஜனவரியில் நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் விடயம் கைவிடப்பட்டது. ஹோம்ஸ்ரெட்டில் தொழிலாளரைச் சுட்டவர்கள் தம் நற்பெயர் கெடுவதாக முறையிட, மேலதிக நேர வேலையால் வளர்ந்த கம்பனி வரலாற்றுண்மைக்காக வாதாடியது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிங்கர்ட்டன் முகவனான மில்ரன் தான் ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தின் சேவைக்கு வழங்கப்பட்டவன் என்று விளையாட்டில் அறிமுகஞ்செய்கின்றான். ஹோம்ஸ்ரெட் நிகழ்ச்சியின் விளைவாக 1893இல் இயற்றப்பட்ட சட்டமொன்று மத்திய அரசாங்கம் பிங்கர்ட்டன் ஆட்களைப் பணிக்கமர்த்துவதைத் தடைசெய்திருந்தது. தொழிலாளர் குருதி சிந்திப் பெற்ற அச்சட்டத்தைக் கதையாசிரியர்கள் அறிந்திருக்கவில்லை போலும். ஹோம்ஸ்ரெட் என்ற பெயரின் நிழல்கூட அவர்கள் உலகில் விழவில்லை.

வேலைநிறுத்தம் இன்மையே இவ்வுலகின் மிகப்பெரிய வெற்றிடமாகும். இருப்புப்பாதையும் ஆலையும் சுரங்கமும் நுணுக்கமாகக் கட்டப்பட்டுள்ள இடத்தில், 1890களின் அமெரிக்காவை அதிரவைத்த சக்தி மட்டும் காணப்படவில்லை. எனவேதான் மூலதனத்திற்கு எதிராகக் கொள்ளையனைத் தவிர வேறு எவரையும் நிறுத்த இப்படைப்பால் இயலவில்லை; கொள்ளையன் தோற்பதை உலகின் தோல்வியாகக் காட்டும் அவலச்சுவை இவ்வெற்றிடத்திலிருந்தே பிறக்கின்றது.

அன்னெஸ்பேர்க்கில் ஈடித் டவுன்ஸுக்கும் ஆர்ச்சிக்கும் ஆதர் பணம் கொடுத்து, ஊரைவிட்டுப் போகும்படி கேட்கின்றான். அவர்கள் போய்விடுகின்றனர். விளையாட்டில் மிகவும் உள்ளத்தைத் தொடும் காட்சிகளுள் இதுவும் ஒன்று. மறுநாட் காலையில் அவ்வழியே குதிரையிற் சென்றால், கரி படிந்த முகங்களோடு தொழிலாளர் முன்போலவே சுரங்க வாயிலை நோக்கி நடந்துகொண்டிருப்பர். அவர்களை நிறுத்தி வணக்கம் கூறலாம். கண்ணியம் சற்று ஏறும்.